கழுகின் கால் இருக்கு, கண் எங்கே?

குட்டி ட்ரோனில் கை மாட்டும் ஆராய்ச்சிக்குள் வருபவர்களுக்குச் சீக்கிரமே கண்ணில் படுகிற பேப்பர் ஒன்று உண்டு. 2013-ல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிராஸ்ப் ஆய்வகத்தில், விஜய் குமார் குழுவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜஸ்டின் தாமஸ்தான் முதல் ஆசிரியர். வெண்தலைக் கழுகு தண்ணீரிலிருந்து மீனைத் தூக்கும் வீடியோவைப் பார்த்து, அதே வேலையை நாலு விசிறி வைத்த குவாட்ரோட்டரைச் செய்ய வைத்தார்கள். பொருளுக்கு மேலே வந்து நின்று எடுப்பதில்லை. வினாடிக்கு 2 மீட்டர், அப்புறம் 3 மீட்டர் வேகத்தில், போகிற போக்கிலேயே கவ்வுகிறது.

வீடியோவைப் பார்த்தவர்கள் நிறைய, பேப்பரைப் படித்தவர்கள் கம்மி என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏன்னா இதில் உண்மையிலேயே நல்ல விஷயம் வேகம் இல்லை. கழுகு மீனைப் பிடிக்கும் நொடியில் காலைப் பின்னால் வீசுகிறது. உடம்பு முன்னே போகுது, கால் பின்னே போகுது. அதனால் நகத்துக்கும் மீனுக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசம் குறைகிறது. மோதல் கம்மி, பிடிக்க நேரம் அதிகம். தாமஸ் குழு கையை அதே மாதிரி பின்னால் சுழற்றுகிறது. பெரிய மோட்டார் போட்டுச் சமாளிக்க வேண்டியதை ஓர் அசைவால் தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு கிராமுக்கும் பேட்டரியிடம் கணக்குச் சொல்ல வேண்டிய வண்டியில் இது சாதாரணம் இல்லை.

நான் போட்டுப் பார்த்த ஒரு சின்னக் கணக்கு. கை நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் வேகத்தை நுனியில் முழுசா ரத்து செய்யணும்னா கை வினாடிக்கு 15 ரேடியன் சுழல வேண்டும். அதாவது 60 டிகிரியை 70 மில்லி வினாடியில் கடக்கணும். கடையில் கிடைக்கும் சாதாரண ஹாபி சர்வோ அதே 60 டிகிரிக்கு 100 முதல் 200 மில்லி வினாடி எடுக்கும். பாதி வேகத்தை ரத்து செய்தாலே லாபம் என்பது இங்கே புரியும்.

இனி குறை. இந்தக் கழுகுக்குக் கண் கிடையாது. வண்டி எங்கே இருக்கு என்பதைச் சொல்வது அறையைச் சுற்றி மாட்டியிருக்கும் மோஷன் கேப்சர் கேமராக்கள். அவற்றின் பிழை மில்லிமீட்டர் அளவுதான். அந்த அறையை விட்டு வெளியே வந்தால் கணக்கே மாறிடும். வினாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவை வண்டியிலேயே மாட்டினால், 3 மீட்டர் வேகத்தில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவே வண்டி 10 செ.மீ. போயிருக்கும். அது வண்டியின் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. படத்தை அலசும் தாமதத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

இதைத் தாமஸ் குழுவின் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்வியைத் தனியாகப் பிரித்து, மற்றதை அறைக்குள் கட்டிப்போட்டு விடை தேடுவது நல்ல ஆராய்ச்சிதான். அடுத்த வருஷமே, 2014-ல், கேமராப் படத்தை வைத்தே பிடிப்பதைப் பற்றி அதே தாமஸ் முதல் ஆசிரியராக இன்னொரு பேப்பர் வந்தது. எது பாக்கி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கு.

என் சண்டை அதற்குப் பின்னால் வந்த பேப்பர்களோடுதான். நான் படிக்கிற ட்ரோன்-கை பேப்பர்கள் பலவற்றில் அறை அப்படியே இருக்கு, கழுகிடமிருந்து எடுத்த அந்த ஒரு யோசனை மட்டும் காணோம். புதுக் கை, கூடுதலாக ஒரு மூட்டு, பின்னணி இசையோடு ஒரு வீடியோ. பத்து தடவையில் எத்தனை தடவை பிடித்தது? தவறியபோது எப்படித் தவறியது? பொருளை 2 செ.மீ. நகர்த்தி வைத்தால் என்ன ஆகும்? அட்டவணையே இருக்காது. ஒரு மாணவரின் நாலு வருஷம் அந்த வீடியோவுக்குள் கரைந்துபோகிறது. அடுத்து வருபவருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு எண் கூட மிஞ்சுவதில்லை.

வெளியே வேலை காத்துக்கிட்டு இருக்கு. செவில் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2015-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ஏரோஆர்ம்ஸ் திட்டம், சாரம் கட்டி ஆள் ஏறிப் பார்க்கும் ஆலைக் குழாய்களைப் பறக்கும் கையால் தொட்டுச் சோதிக்கப் பார்த்தது. அங்கே காற்று அடிக்கும், வெயில் கேமராவைக் கூசவைக்கும், சுவரில் மோஷன் கேப்சர் இருக்காது. உயரத்தில் ஏறும் ஆளைக் கீழே இறக்கணும்னா, கை எப்போது தவறும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியணும்.

இந்தத் துறையில் ஆய்வேடு தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: தாமஸ் பேப்பரைக் கட்டாயம் படியுங்கள், வீடியோவுக்கு முன்னால். அப்புறம் உங்கள் முதல் அட்டவணையில் 'தவறியவை' என்று ஒரு பத்தியைப் போட்டு வையுங்கள். அது நிரம்ப நிரம்பத்தான் கழுகுக்குக் கண் திறக்கும்.