டைலுக்கு அடியில் என்ன?

குளியலறைச் சுவரில் ஓதம் ஏறினால் டைல் சரியில்லை என்கிறோம். வாசகர்களே, டைல் இடுக்குகளில் நீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியிலுள்ள நீர்காப்புப் படலமே.

ஆஸ்திரேலியாவின் 2022-ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பு இதை உணர்ந்தே எழுதப்பட்டது. ஷவர் சுவரில் 1,800 மில்லிமீட்டர் உயரம்வரை நீர்காப்பு வேண்டும் என்கிறது. நீர்ப்போக்கியை நோக்கிய தரையின் வாட்டம் 80-க்கு 1-க்குக் குறையவும் கூடாது. 50-க்கு 1-ஐ மிஞ்சவும் கூடாது. கொத்தனாரின் கண்மதிப்பை அளவுக்குள் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது.

ஆயினும் அளவுவிதி மட்டும் போதாது. வாட்டத்தை டைல் பதித்த பின்னும் அளக்கலாம். படலத்தின் ஓட்டையை அப்போது காண முடியாது. ஆகவே டைலுக்கு முன்பே நீர்ப்போக்கியை அடைத்து, நீர் தேக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கசிவு தெரிந்தால் படலத்தைச் சரிசெய்தால் போதும். பிறகு தெரிந்தால் தரையையே பெயர்க்க வேண்டும்.