உயில் வந்து சேரும் அத்தியாயம்

'ஜேன் அயர்' நாவலில், பனி கொட்டும் ஓர் இரவில் பாதிரியார் செயின்ட் ஜான் ஒரு காகிதத் துண்டை எடுத்து நாயகி ஜேனிடம் காட்டுகிறார். படம் வரையும்போது கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் தாளின் ஓரம் அது. அவள் அதுவரை மறைத்து வைத்திருந்த உண்மைப் பெயரைத் தன்னை மறந்து அதில் எழுதியிருக்கிறாள். அந்தப் பெயருக்கு 20,000 பவுன் காத்திருக்கிறது. மதெய்ராவில் இறந்துபோன அவள் தந்தையின் சகோதரர் விட்டுச்சென்றது. ரோச்செஸ்டர் என்ற செல்வந்தரின் வீட்டில் ஆண்டுக்கு 30 பவுன் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

விக்டோரியா கால நாவல்களில் முடிச்சை அவிழ்க்க அடிக்கடி இப்படிச் சொத்து வந்து சேர்கிறது. இதை எழுத்தாளரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 'ஜேன் அயர்' வெளிவந்த 1847இல், மணமான பெண்ணின் பணம் பெரும்பாலும் கணவனுடையதாகிவிடும். 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகே அந்த நிலை மாறியது. ஜேனோ வந்த பணத்தை நான்காகப் பிரித்து, உறவினர் மூவருக்கும் தனக்கும் தலா 5,000 என்று தானே முடிவெடுக்கிறாள். தான் காதலிக்கும் ரோச்செஸ்டரிடம் திரும்பிப் போகும்போது அவள் யாரையும் அண்டி நிற்பவள் அல்ல. பெண்ணின் சுயமரியாதைக்குப் பணம் எவ்வளவு அவசியம் என்பதை சார்லட் பிராண்டி இந்த உயிலைக் கொண்டுதான் காட்டுகிறார்.

ஆனால், ஊருக்கே வந்த நோய்க்கு ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா? டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தைக் கடுமையாகச் சாடியபடி தொடங்குகிறது. முடிவிலோ ஆலிவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவருகிறது. தந்தையின் சொத்திலிருந்து சுமார் 3,000 பவுன் அவன் பங்குக்கு வருகிறது. அவனோடு பட்டினி கிடந்த டிக்குக்கு அப்படி ஒரு தந்தை இல்லை. ஆலிவர் ஊரைவிட்டு ஓடிய விடியலில், வேலிக்கதவில் ஏறிக் கட்டிக்கொண்டு வாழ்த்தி அனுப்பிய சிறுவன் அவன். அவனை அழைத்துப் போக ஆலிவர் வண்டியில் வரும்போது டிக் இறந்திருக்கிறான். கஞ்சி அளந்த சட்டம் அப்படியே இருக்கிறது.

1860இல் தொடராக வரத் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் டிக்கன்ஸ் இதே உத்தியைத் தலைகீழாக்கினார். நாயகன் பிப்பைக் கனவானாக்கிய பணம், அவன் நினைத்ததுபோல் பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாம் தந்ததல்ல. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதி மாக்விட்ச் உழைத்துச் சேர்த்தது. அந்த மனிதர் வாசலில் வந்து நிற்கும்போது பிப் அருவருப்பில் கூசுகிறான். கடைசியில் சொத்து அரசுக்குப் போய்விடுகிறது. கைதியின் கையைப் பிடித்துக்கொள்ளக் கற்ற மனம் மட்டும் மிஞ்சுகிறது.

உயிலால் வரும் பணம் யாருடைய உழைப்பு, அது யாருக்குக் கிடைக்காமல் போனது என்று கேட்கும்போதுதான் இந்த உத்தி இலக்கியமாகிறது. ஆலிவரின் மகிழ்ச்சிக்கு நடுவிலும் டிக்கின் சாவை மறைக்காமல் எழுதிய கை, அந்தக் கேள்வியை அன்றே எழுப்பத் தொடங்கிவிட்டது.