பானையும் பச்சை மையும்

சின்னமனூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வாழைத் தோட்டமும் சங்கீதப் பைத்தியமும் உடையவர். 1980களில் முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் இரண்டு மண்பானைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஸ்பீக்கரை மேல்நோக்கிப் பொருத்தியிருந்தார். 1978-ல் வந்த 'பிரியா' படப் பாட்டைப் போட்டு, "ஸ்டீரியோவில் பதிவானது, போட்டவர் நம் பண்ணைப்புரத்துக்காரர்" என்று பெருமைப்பட்டார்.

பட்டணத்து ரஸிகர்கள் பானையைக் கண்டால் சிரிப்பார்கள். சிரிக்க நியாயமில்லை. பெட்டியில் அடைக்காத ஸ்பீக்கரின் முன்பக்கத்து ஒலியைப் பின்பக்கத்து ஒலி அழித்துவிடும். கனத்த நாதம்தான் முதலில் சாகும். பானை அந்தப் பின்னொலியை அடைத்து வைக்கிறது. நாடக அரங்குகளில் வெண்கலப் பாத்திரங்களை வைப்பதுபற்றி ரோமாபுரியின் விட்ருவியஸ் சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார். பானையிலும் ஒரு குறை உண்டு. அதற்குச் சொந்தக் குரல் இருக்கிறது. தனக்கு இசைந்த ஸ்வரத்தை மட்டும் தூக்கிக் கொடுத்து, மற்றதைக் கைவிட்டுவிடும்.

அடுத்த யுக்தி, இசைத்தட்டு முள்ளின் கைமேல் ஒரு நாணயம். முள் தாவாது, வாஸ்தவம். ஆனால் அந்தப் பாரம் தட்டின் பள்ளத்தைத் தேய்த்துவிடும். இன்றைய சுகத்துக்கு நாளைய பாட்டை விற்பது இது.

பிறகு குறுந்தகடு வந்தது. அதன் விளிம்பில் பச்சை மை பூசினால் நாதம் தெளியும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு நம்பிக்கை கிளம்பியது. நண்பர் ஒரே தகட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றுக்கு மை பூசினார். இரண்டையும் கேட்டோம். பூசியதில் வீணையின் மீட்டு தனியாக நிற்கிறது என்றார் அவர். கமகம்கூடத் துல்லியமாக இருக்கிறது என்றேன் நான்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "நீங்க புகழ்ந்தது மை பூசாத தட்டுண்ணே. பூசினது இந்தா, என் கையிலே இருக்கு."

நண்பர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தகட்டில் இருப்பவை வெறும் எண்கள். விளிம்பு மைக்கு அங்கே வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், கேட்டது பொய்யுமல்ல. காது கேட்பதற்கு முன்பே மனசு தீர்ப்பை எழுதிவிட்டது. அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு இப்படி எத்தனை நாவல்களை நான் மெச்சியிருக்கிறேன்! பெயர் தெரியாதவன் எழுதிய எத்தனை கதைகளில் குறை கண்டிருக்கிறேன்! விமர்சனம் என்று நான் எழுதியவற்றில் பச்சை மை எவ்வளவு என்று இப்போது கணக்கிட முடியாது.

நல்ல யுக்திகளுக்குக் காசே வேண்டாம். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்துங்கள். இரண்டுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். எதிரொலிக்கும் வெறும் சுவரில் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதானால், எது எதுவென்று சொல்லாமல் மாற்றிப் போட வீட்டில் ஒருவர் வேண்டும். நண்பருக்கு அந்தப் பாக்கியம் இருந்தது. எழுத்தாளனுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் நல்லது.