விளக்கு மின்னுகிறது, முன்சக்கரம் வரவில்லை

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஓடும் டபுள் கேப் டீசல் பிக்கப் அது. வயது பத்தைத் தாண்டிவிட்டது. தார் ரோட்டில் அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை இறங்கி மண் வழுக்க ஆரம்பித்தால்தான் வினை. ஃபோர் வீல் லீவரை 4எச்சுக்குத் தள்ளினால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு மின்னும், மின்னிக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். முன்சக்கரங்கள் வேடிக்கை பார்க்கும். கீழே நகரத்தில் ஒரு பணிமனை, "டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடுச்சு, இறக்கித்தான் பாக்கணும்" என்று சொல்லி, லட்சத்தை நெருங்கும் ஒரு தொகையை எழுதிக் கொடுத்திருந்தது.

வண்டியின் பெயரை விட்டுவிடுகிறேன். இதே ஏற்பாடு பல கம்பெனிகளின் பிக்கப்புகளில் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் சரியாக விழவில்லை என்றால் வீட்டில் வைத்திருக்கக்கூடிய கருவிகளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. செல்போனோடு புளூடூத்தில் பேசும் ஸ்கேனர் டாங்கிள், சாதாரண மல்டிமீட்டர், கையால் இழுக்கும் வாக்குவம் பம்ப் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு பழுதும் இல்லை. கருவிகளில் டாங்கிள்தான் அதிகம் ஏமாற்றியது.

இந்த வகை வண்டிகளில் முன்சக்கரத்துக்குச் சக்தி போக இரண்டு இடங்களில் இணைப்பு நடக்க வேண்டும். முதல் இணைப்பு டிரான்ஸ்ஃபர் கேஸில். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெட்டி, முன்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பின்பக்க ஷாஃப்டோடு சேர்த்துப் பூட்டுகிறது. இரண்டாவது இணைப்பு முன் ஆக்ஸிலில். அங்கே ஒருபக்க ஆக்ஸில் ஷாஃப்ட் நடுவில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்சில் ஓடும்போது முன் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீலும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் வீணாகச் சுற்றி டீசலைக் குடிக்கக் கூடாது என்பதற்காக இந்த வெட்டு. ஃபோர் வீல் போட்டதும் பல் வைத்த ஒரு ஸ்லீவ் நகர்ந்து வந்து இரண்டு துண்டையும் இணைக்கும். அந்த ஸ்லீவை நகர்த்துவது ஒரு ஃபோர்க். ஃபோர்க்கை இழுப்பது ஒரு ரப்பர் டயஃப்ரம். டயஃப்ரத்தை இழுப்பது வாக்குவம். வாக்குவத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பவை எஞ்சின் அறையில் ஓரமாக மாட்டியிருக்கும் இரண்டு சோலினாய்டு வால்வுகள். ஸ்லீவ் வந்து சேர்ந்ததும் ஆக்ஸிலில் உள்ள ஒரு சிறிய ஸ்விட்ச் அதைச் சொல்லும். அதற்குப் பிறகுதான் விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரியும்.

ஆக, மின்னும் விளக்கு வண்டி கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. உத்தரவு போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பதில் வந்ததுமே விளக்கை நிலையாக எரியவிடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் விளக்கு ஒழுங்காக எரியும், முன்சக்கரம் மட்டும் இழுக்காது. அந்த வகை இன்னும் ஆபத்து, ஏனென்றால் சரிவில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

கருவி எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஜாக்கி இருந்தால் போதும், காசு செலவில்லை. சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு 4எச் போடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே போய் முன்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையாமல் இறுகி நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. தாராளமாகச் சுற்றினால் கோளாறு அங்கேதான். அடுத்து வெளியே வந்து ஒரு முன்சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். ஆக்ஸில் சேர்ந்திருந்தால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். சேரவில்லை என்றால் அது பாட்டுக்குச் சும்மா நிற்கும்.

இந்த வண்டியில் ஷாஃப்ட் இரும்புத்தூணாக நின்றது. மறுபக்கச் சக்கரம் அசையவே இல்லை. லட்ச ரூபாய்க் கதை அந்த இடத்தில் முடிந்துபோனது. பக்கத்தில் குந்தியிருந்த டிரைவர், "அப்போ கேஸை இறக்க வேணாமாண்ணே?" என்றார். வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவதற்கு முன் அந்தப் பணிமனையில் யாராவது சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி கருவிகள். டாங்கிளைச் செருகினேன். போன் செயலி எஞ்சின் வேகம், குளிர்நீரின் சூடு, பூஸ்ட் என்று எல்லாவற்றையும் முள் முள்ளாக அழகாகக் காட்டியது. கடைசியில் 'பிழை ஏதும் இல்லை' என்றது. ஃபோர் வீல் விளக்கு அதன் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தது. டாங்கிளைத் திட்டிப் பயனில்லை. ஓபிடி 2 என்ற ஏற்பாடே புகையைக் கண்காணிக்கப் பிறந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமானது, நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் 2013 முதல் வந்தது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடுகள் புகை சம்பந்தப்பட்ட எஞ்சின் விஷயங்களோடு நின்றுவிடும். ஃபோர் வீல் கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு கம்பெனியிலும் தனி மொழி பேசும். அதைப் படிக்க அந்தக் கம்பெனியின் ஸ்கேனரோ, விலை கூடிய பணிமனை ஸ்கேனரோ வேண்டும். ஈஎல்எம் 327 என்ற சிப்பின் பெயரைப் பெட்டியில் அச்சடித்து ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டாங்கிள்களில் பெரும்பாலானவை நகல்கள். எஞ்சின் லைட் எரிந்தால் உதவும். இந்த வேலைக்கு ஆகாது.

மல்டிமீட்டர் பரவாயில்லை. இரண்டு சோலினாய்டின் காயில் ரெசிஸ்டன்ஸையும் அளந்தால், அவை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. இங்கே இரண்டும் ஒத்துப்போயின. லீவரைத் தள்ளியதும் கனெக்டரில் 12 வோல்ட் வந்தது. ஆக உத்தரவு சோலினாய்டு வரைக்கும் ஒழுங்காகப் போகிறது. ஆக்ஸிலில் உள்ள ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு. மலைமழையில் வருடக்கணக்கில் நனைந்தால் இப்படித்தான் ஆகும். கான்டாக்ட் கிளீனரை அடித்துத் துடைத்தேன். விளக்கு மின்னுவது நிற்கவில்லை.

மூன்றாவதாக வந்த வாக்குவம் பம்ப்தான் ஆட்டத்தை முடித்தது. பார்க்கப் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். மேலே ஒரு கேஜ், கீழே அமுக்கும் பிடி. பிரேக் பிளீட் செய்வதற்கென்று இருசக்கர மெக்கானிக்குகள் சிலரிடம்கூட இது இருக்கிறது. ஆக்ஸிலில் இருந்த இரண்டு ஹோஸையும் கழற்றிவிட்டு, ஃபோர் வீலுக்கு இழுக்க வேண்டிய முனையில் பம்பை நேராக மாட்டி அமுக்கினேன். முள் 15 அங்குலத்தில் (பாதரசக் கணக்கு) போய் நின்றது, இறங்கவில்லை. ஹவுசிங்குக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. ஒரே அமுக்கில் டயஃப்ரம், ஃபோர்க், ஸ்லீவ், ஸ்விட்ச் நான்கும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது.

அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டியதுதான். சோலினாய்டிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் ஹோஸின் ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் பம்பை மாட்டினால், முள் ஏறிய வேகத்திலேயே சரிந்தது. பார்வைக்கு ஹோஸ் புதிதுபோல இருந்தது. இரும்புக் குழாயின் மேல் ஏறி உட்காரும் கடைசி அங்குலத்தை மட்டும் வளைத்துப் பார்த்தபோது, உள்வளைவில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும்போது தினமும் வளைவது அந்த இடம்தான். எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் எலிப்பல்லையும் சந்தேகப்பட வேண்டும். இங்கே எலி நிரபராதி.

ஹோஸை மாற்றியதும் ஃபோர் வீல் விழுந்தது, ஆனால் சோம்பலாக. 2எச்சுக்குத் திரும்பும்போது அதைவிடச் சோம்பல். காரணம் சோலினாய்டின் வயிற்றில் இருந்தது. டயஃப்ரத்தின் ஒரு பக்கத்தை வாக்குவம் இழுக்கும்போது மறுபக்கத்துக்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் வாக்குவம் ஃபோர்க்கை எதிர்த்து இழுக்கும். காற்று வரும் வழியில் சிறிய ஃபோம் ஃபில்டர் ஒன்று இருக்கும். அது சேற்றுத்தூளால் அடைத்துக் கட்டியாகியிருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டதும் லீவரைத் தள்ளிய கையோடு விளக்கு நிலைத்தது. மொத்தச் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

வாக்குவம் கேஜை மலையில் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டீசல் எஞ்சினில் வாக்குவம் தருவது ஒரு தனிப் பம்ப், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகிலோ கேம்ஷாஃப்ட் முனையிலோ இருக்கும். கடல்மட்டத்தில் அது ஐட்லிங்கில் 25, 26 அங்குலம் வரை இழுக்கும். ஆனால் ஆயிரம் அடி ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒரு அங்குலம் குறைகிறது. வால்பாறை மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தை ஒட்டியது என்பதால், இங்கே 22 காட்டினால் பம்ப் ஆரோக்கியமாகவே இருக்கிறது. ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே நல்ல பம்பே 19ஐ ஒட்டித்தான் காட்டும். பொள்ளாச்சியில் பார்த்த கணக்கை ஊட்டியில் வைத்துப் பம்பை மாற்றிவிடாதீர்கள். உண்மையிலேயே பம்ப் தளர்ந்திருந்தால் பிரேக் பெடல் கல்லாகி நிற்கும், ஏனென்றால் பிரேக் பூஸ்டருக்கும் வாக்குவம் அதே பம்பிலிருந்துதான் வருகிறது. அப்படி இருந்தால் ஃபோர் வீலை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

சோலினாய்டே எரிந்துபோய் நடுக்காட்டில் நின்றால் ஒரு வழி இருக்கிறது. இந்த வகை வண்டியில் மின்சாரம் வராத நிலையில் வாக்குவம் ஆக்ஸிலை விடுவிக்கும் பக்கம்தான் போகும். ஆக்ஸில் முனையில் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றி மாட்டினால், அதே வாக்குவம் ஆக்ஸிலை நிரந்தரமாகச் சேர்த்துவைக்கும். பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் மட்டும் போதும். 2எச்சில் ஓடும்போது முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும், வீடு வந்து சேரலாம்.

மற்ற வண்டிகளில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். ஃபோர்டு எஃப் 150இல் 2004 தலைமுறையிலிருந்து எல்லாம் தலைகீழ்: அங்கே வாக்குவம் ஹப்பைப் பிரித்து வைத்திருக்கிறது. கசிந்தால் ஃபோர் வீல் போடாதபோதே ஹப் அரைகுறையாகக் கடித்துக் கரகரக்கும். 1988இல் வந்த செவர்லே கே வரிசையில் முன் ஆக்ஸிலைச் சேர்த்தது சூடாகி விரியும் ஒரு பொருள். குளிர் நாளில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். யார் யோசித்தார்களோ!

லீவருக்குப் பதில் திருகும் நாப் வைத்த பிக்கப்புகள்தான் இப்போது அதிகம். டாடா ஸெனான், 2016இல் இந்தியாவுக்கு வந்த இசுஸு வி கிராஸ், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் இந்த ரகம். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு சிறிய மோட்டார் கியரை நகர்த்தும். அந்த மோட்டாருக்கு பேட்டரி முழு பலத்தோடு இருக்க வேண்டும். 'மலையில் ஃபோர் வீல் விழவில்லை' என்று வந்த வண்டியில் பேட்டரி டெர்மினலை இறுக்கியதும் விழுந்த கதையை மெக்கானிக்குகள் சொல்வார்கள். குறைவேகக் கியரான 4எல் விழவில்லை என்ற புகாரில் பாதிக்கு மருந்து, வண்டியை முழுக்க நிறுத்திக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. இந்த ரகத்தில் நிஜமான பழுது வந்தால் எனது மூன்று கருவிகளில் மல்டிமீட்டர்தான் பாதி வழி வரும், மிச்சத்துக்குக் கம்பெனி ஸ்கேனரிடம் போக வேண்டும். 2020 தார் ஜீப்பில் மகிந்திரா இன்னும் லீவரை வைத்திருப்பதை நான் பிற்போக்கு என்று சொல்ல மாட்டேன். எஸ்டேட்டுக்கு வண்டி வாங்குகிறவர் கேட்டால், பழைய லீவர் வண்டிக்கே என் ஓட்டு.

வாங்கும்போது 4எச்சை மண்ணில் மட்டும் போட்டுப் பாருங்கள். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் வளைவு எடுத்தால் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், பிறகு 2எச்சுக்கு வர மறுக்கும். அப்போது ரிவர்ஸில் சில அடி நேராக உருட்டினால் முறுக்கு அவிழும். ஃபோர் வீலையே தொடாமல் வருடம் முழுக்க ஓட்டுவதும் தப்பு. மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் பத்துப் பதினைந்து கி.மீ. 4எச்சில் ஓடினால்தான் ஸ்லீவும் ஃபோர்க்கும் எண்ணெய் காணும்.

எஸ்டேட் பிக்கப்பில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்னால் புது டயர், முன்னால் வழுவழுவென்று தேய்ந்த டயர். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் 4எச்சில் நேராக ஓடும்போதே ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்கின்றன. மேனேஜரிடம் டயருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் டிரைவர். அது வரும்வரை, மேட்டில் ஏறி முடித்ததும் ரிவர்ஸில் கொஞ்சம் உருட்டித்தான் அவர் 2எச்சுக்கு வர வேண்டியிருக்கிறது.