சாய்ந்தால் என்ன?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. கார் வாங்கின மூன்றாம் மாதமே அதன் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவார்கள். கார் ஒரு தப்பும் செய்திருக்காது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி தெரிகிறது, அது கண்ணை உறுத்துகிறது. வளைவில் திரும்பும்போது கார் கொஞ்சம் சாய்கிறது, அது மனசை உறுத்துகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தாகக் 'காயில்ஓவர்' என்று ஒரு சமாசாரம் விற்கிறார்கள். ஷாக் அப்ஸார்பரைச் சுற்றி ஸ்பிரிங், கீழே மரை போட்ட ஒரு வளையம், அதைத் திருகினால் கார் இறங்கும். நீலம், ஊதா, தங்கம் என்று கலர் கலராக வரும். மாட்டிய அன்று பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். ஓட்டினால்தான் கஷ்டம்.

இதைப் பேச எனக்குப் பிடித்த உதாரணம் மாஸ்டா எம்எக்ஸ்-5. நமக்கு மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். அதே கம்பெனிதான் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் இந்தச் சின்ன இரண்டு சீட்டுக் காரைக் காட்டியது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் ரோட்ஸ்டர் என்பார்கள். முதல் மாடல் 940 கிலோ. 1.6 லிட்டர் எஞ்சின். 14 அங்குலச் சக்கரம். நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அது மேலே போனாலும் கீழே போனாலும் தலை ரொம்பக் கோணாமல் பார்த்துக்கொள்ளும். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. உலகத்தில் இவ்வளவு விற்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வேறு கிடையாது. இவ்வளவு விற்றதால், இதற்கென்றே சஸ்பென்ஷன் செய்து விற்கிறவர்களும் அவ்வளவு பேர்.

ப்ராஜெக்ட்டை நடத்திய தோஷிஹிகோ ஹிராய், 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானிய வார்த்தையை வைத்துக்கொண்டு காரைச் செய்தார். குதிரையும் சவாரிக்காரனும் ஒன்றாவது என்று அர்த்தம். மாதிரியாக அவர்கள் பார்த்தது 1962-ன் லோட்டஸ் எலான். அந்த எலான் வளைவில் தாராளமாகச் சாயும், ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், ஆனால் ரோட்டை விடாது. லோட்டஸ்காரர்களின் ரகசியம் இதுதான்: ஸ்பிரிங் மிருது, ஷாக் அப்ஸார்பர் கெட்டிக்காரத்தனம், கார் லேசு. காயில்ஓவர் கடைக்காரர்கள் சொல்வதற்கு இது நேர் எதிர்.

இதில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது, பயப்படாதீர்கள். ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்க விடுங்கள். நூல் 25 சென்டிமீட்டர் இருந்தால் சாவி விநாடிக்கு ஒரு முறை போய்த் திரும்பும். காரின் ஸ்பிரிங்குக்கும் அதே கணக்குதான். கார் தன் வெயிட்டில் ஸ்பிரிங்கை 25 சென்டிமீட்டர் அமுக்கி உட்கார்ந்தால் அது விநாடிக்கு ஒரு முறை ஆடும். பழைய அமெரிக்கப் படகுக் கார்கள் ஏறக்குறைய இப்படி. 11 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒன்றரை முறை. ஆறே கால் சென்டிமீட்டர் என்றால் இரண்டு முறை. நூலைச் சுருக்கச் சுருக்கச் சாவி படபடவென்று ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரணக் கார்கள் விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு. அதற்கு மேலே ரேஸ் கார்.

நாம் நடக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். அந்த ஆட்டம் உடம்புக்குப் பழக்கம். மிகவும் மெதுவாக ஆடினால் கப்பலில் போகிற மாதிரி குமட்டும். விநாடிக்கு நாலு முதல் எட்டு வரையிலான குலுக்கல்தான் உட்கார்ந்திருக்கும் மனுஷ உடம்புக்கு ஆகாது, குடல் குந்தாணியெல்லாம் அசையும். கெட்டி ஸ்பிரிங் அந்தப் பக்கமாகத்தான் காரைத் தள்ளுகிறது.

'சரி சார், குலுங்கட்டும், ரேஸ் கார் மாதிரி ரோட்டைப் பிடிக்குமே' என்பீர்கள். அங்கேதான் ஏமாற்று.

கார் சாய்வதால் வெயிட் வெளிச் சக்கரத்துக்குப் போவதில்லை. போவதால்தான் சாய்கிறது. எவ்வளவு போகும் என்பது காரின் வெயிட், அதன் புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறீர்கள், இவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங்கை இரும்புத் தூணாக மாற்றினாலும் வெளிப்பக்க டயர்கள் சுமப்பது ஏறக்குறைய அதேதான். சாய்வு குறைந்தால் கிடைக்கிற லாபம் இரண்டு: சக்கரம் ரோட்டுக்கு நேராக நிற்கும், ஸ்டீரிங்கைத் திருப்பினதும் கார் சட்டென்று கேட்கும். டபுள் விஷ்போனில் முதல் லாபம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. இரண்டாவது லாபம் நிஜம், சந்தோஷமானதும்கூட. ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை, மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எழும்புவது. அந்தரத்தில் இருக்கும் டயர் திரும்பவும் உதவாது, பிரேக் பிடிக்கவும் உதவாது.

ரேஸ் டிராக் வழவழவென்று இருக்கும். அங்கே கெட்டி ஸ்பிரிங்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. நீங்கள் மாசத்துக்கு ஒரு நாள் டிராக்குக்குப் போய், மீதி 29 நாள் ஆபீசுக்குப் போகிறவர் என்றால் எந்த நாளுக்காக ஸ்பிரிங் வாங்குகிறீர்கள் என்பது கேள்வி.

எம்எக்ஸ்-5-ல் இன்னொரு வில்லங்கம் உண்டு. சின்னக் கார் என்பதால் சக்கரம் மேலே ஏறுவதற்கு இடம் சொற்பம். அது முடிகிற இடத்தில் 'பம்ப் ஸ்டாப்' என்று ஒரு நுரை ரப்பர். இரண்டு அங்குலம் இறக்கினீர்கள் என்றால் அந்த ரப்பர் மேலேயே கார் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கின ஸ்பிரிங் சும்மா அலங்காரத்துக்கு. நேர் ரோட்டில் இது முதுகெலும்புக்கு மட்டும்தான் தொந்தரவு. மழை பெய்த வளைவில், எல்லா வெயிட்டும் வெளிப்பக்கம் இருக்கும்போது, நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால்? ரப்பர் ஒரேயடியாக நசுங்கி, ஸ்பிரிங் திடீரென்று பத்து மடங்கு கெட்டியான மாதிரி ஆகி, டயர் பிடியை விட்டுவிடும். பின் சக்கரத்தில் நடந்தால் கார் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும். சொகுசைப் பற்றிய சண்டை என்று நினைக்கிறோம். உயிரைப் பற்றினதும்தான்.

சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் ஒருவர் மலிவான காயில்ஓவர் மாட்டியிருந்தார். முப்பத்திரண்டு கிளிக் அட்ஜஸ்ட்மென்ட். "எந்தக் கிளிக்குல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "எந்தக் கிளிக்குல வெச்சாலும் ஒண்ணுதான் சார். நான் பஸ்ல போயிடறேன்."

அவர் சொன்னதில் எஞ்சினீயரிங் இருக்கிறது. மலிவு செட்டுகளில் ஒரே குமிழ், சக்கரம் ஏறும்போது உள்ள தடுப்பையும் இறங்கும்போது உள்ள தடுப்பையும் சேர்த்தே மாற்றும். இரண்டும் வேறு வேறு காரியங்கள். இறங்குவதில் தடுப்பு அதிகமானால், ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் முழுசாகக் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேடு மேலே மேடாகக் கார் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து கடைசியில் அதே ரப்பரில் போய் முடியும். தவிர, முப்பத்திரண்டு கிளிக்கில் இருபது கிளிக்குக்கு வித்தியாசமே தெரியாது. மனசு மட்டும் திருப்தியாக இருக்கும்.

மோரிஸ் ஆலி என்ற இங்கிலீஷ்காரர் ரோல்ஸ்-ராய்ஸில் இருந்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய், 1930-களில் காடிலாக்கில் இதையெல்லாம் ஆராய்ந்தார். ஒரு பெரிய காரில் வெயிட்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்து, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது: பின் ஸ்பிரிங் முன் ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும். காரணம் எளிது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். எம்எக்ஸ்-5-ல் முன்னுக்கும் பின்னுக்கும் 2265 மில்லிமீட்டர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரம் 0.14 விநாடி கழித்துத்தான் அந்த மேட்டுக்கு வரும். முன்பக்கம் ஆட ஆரம்பித்தாகிவிட்டது. பின்பக்கம் லேட்டாக வந்தாலும் வேகமாக ஆடினால் முன்னதை எட்டிப் பிடித்துவிடும், கார் குதிரைப் பொம்மை மாதிரி முன்னும் பின்னும் தலையாட்டாமல் ஒரே தட்டாக ஏறி இறங்கும். இத்தனை வருஷத்துப் பழைய சங்கதி. இன்றைக்கும் பல செட்டுகளில் முன்பக்கத்தை மட்டும் முரட்டுத்தனமாகக் கெட்டியாக்கி விற்கிறார்கள். குட்டைக் காரில் அந்தத் தலையாட்டல் கூடுதலாகத் தெரியும்.

ஆகவே, என் மார்க் ஷீட்.

மிக மோசம், பழைய ஷாக் அப்ஸார்பரை வைத்துக்கொண்டு இறக்குகிற ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவது. மெத்தென்ற ஸ்பிரிங்குக்காகச் செய்த ஷாக், கெட்டி ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் திணறும். மலிவு காயில்ஓவர் அதற்கு அடுத்த கீழ்ப்படி. நெதர்லாந்துக் கோனியின் மஞ்சள் ஷாக்கை மிதமான ஸ்பிரிங்கோடு போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதில் சக்கரம் இறங்குவதற்கு உள்ள தடுப்பை மட்டும் மாற்றலாம், ஆனால் வயசான ஷாக்கைத் திரும்ப உயிர்ப்பிக்க அதுவே அதிகம். ஜெர்மன் பில்ஸ்டைனில் திருக ஒன்றுமே கிடையாது. உள்ளே ஒற்றைக் குழாய், எண்ணெய், அழுத்தத்தில் கேஸ். டி கார்பான் என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனையை வாங்கி 1950-களிலிருந்து செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். குமிழ் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சம். சுவீடன் ஓலின்ஸின் ரோட் அண்ட் ட்ராக் செட்டில், திடீர்ப் பள்ளத்தில் எண்ணெய் தப்பித்துப் போக இரண்டு பக்கமும் தனி வழி வைத்திருக்கிறார்கள். அதனால் கெட்டியாக இருந்தும் அடிக்காது. நன்றாகச் செய்தது, விலையும் அப்படியே. பழைய எம்எக்ஸ்-5-க்கு அந்த விலை கொடுப்பது, எருமை வாங்கின விலைக்கு மேல் மணி வாங்குகிற கதை.

எதையும் வாங்குவதற்கு முன் சில பைசாக் காரியங்கள் இருக்கின்றன. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்குக் கம்பெனி சொன்ன டயர் காற்று 26 பிஎஸ்ஐ. எந்தக் கடையிலும் அவ்வளவு குறைவாக அடிக்க மாட்டார்கள், பழக்க தோஷத்தில் 32-க்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு 'வண்டி ரொம்ப குதிக்குது சார்' என்று சஸ்பென்ஷனைத் திட்டுவோம். முப்பது வருஷம் ஆன காரில் புஷ் ரப்பரெல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், அதை மாற்றினாலே புதுக் கார் ஓட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறைக் காரின் ஷாக் மவுண்டை முதல் தலைமுறையில் மாட்டினால் சக்கரம் ஏறக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது, இது ரொம்பப் பேர் செய்து பார்த்த உபாயம். 14 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கனமான 17 அங்குலம் மாட்டியிருந்தால், முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு கிலோவும் மேட்டில் ஷாக்கோடு மல்லுக்கட்டும்.

அப்புறமும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அதே செட் மாட்டிய இன்னொருவர் காரில் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். டிரைவர் சீட்டில் வேண்டாம், ஸ்டீரிங் கையில் இருந்தால் எல்லாமே நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும். பக்கத்து சீட்டில் உட்காருங்கள்.

மாஸ்டா கம்பெனி இதில் பிடிவாதமாகத்தான் இருக்கிறது. 2015-ல் வந்த நாலாம் தலைமுறை எம்எக்ஸ்-5 மறுபடி ஒரு டன்னுக்கு இளைத்தது, ஜப்பானில் லேசான மாடல் 990 கிலோ. மறுபடி நன்றாகவே சாய்ந்தது. எழுதினவர்கள் பலர் அதைக் குறை சொன்னார்கள். 2021 டிசம்பரில் கம்பெனி பதில் சொன்னது. ஸ்பிரிங்கைத் தொடவில்லை. வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரத்தில் மட்டும் மிக லேசாகப் பிரேக் பிடிக்கும்படி எலெக்ட்ரானிக்ஸில் எழுதினார்கள். அந்தப் பின் சஸ்பென்ஷனின் அமைப்பில், பிரேக் பிடித்தால் காரின் அந்த மூலை கீழே இழுக்கப்படும். சாய்வு குறைகிறது, எடை ஒரு கிராம் கூடவில்லை, குலுக்கலும் இல்லை. கைனமாடிக் போஸ்ச்சர் கன்ட்ரோல் என்று பெயர், பெயரில் மட்டும்தான் கனம்.

அந்தக் காருக்கும் காயில்ஓவர் விற்கிறார்கள். மூன்று கலரில்.