ஒரு வீடு, இரு வழக்கு

ஒரு மொழியை வாழவைப்பது எது? அரசின் ஆணையா? அகராதியின் பருமனா? அறிஞர்தம் மன்றமா? இவை யாவும் வேண்டும். ஆனால் இவை மட்டும் போதா. அடுப்பங்கரையில் ஒலிக்காத மொழி, அரியணையில் அமர்ந்திருந்தாலும் ஆதரவற்ற மொழியே. இதற்கு அயர்லாந்தினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை.

1937ஆம் ஆண்டின் அரசமைப்பு, ஐரிஷ் மொழியை அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி என்று அறிவித்தது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. பெருமைதான்! ஆயின் 2022ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு கூறுவதென்ன? ஐரிஷ் பேசத் தெரியும் என்றோர் 18 இலட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்விக்கூடத்துக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோரோ 71,968 பேர்! 'தெரியும்' என்பதற்கும் 'பேசுகிறோம்' என்பதற்கும் இடையே எத்துணைப் பெரும் பள்ளம்! அந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் ஆற்றல் வீட்டுக்கு உண்டு. ஆகவேதான், கணவனும் மனைவியும் சேர்ந்து அம்மொழி கற்க முனைவதை நாம் மனமார வரவேற்கிறோம். அவர்தம் கையில் தரப்படும் நூல்களையும், காதில் ஓதப்படும் அறிவுரைகளையும் ஆய்ந்து பார்ப்பதும் நம் கடமையாகிறது.

ஐரிஷ் மொழிக்குப் பெரும் வழக்குகள் மூன்று. வடக்கே அல்ஸ்டர், மேற்கே கனாக்ட், தெற்கே மன்ஸ்டர். நலம் உசாவும் ஒரு வினாவே மூன்று நிலத்தில் மூன்று வடிவம் கொள்ளும். உருளைக்கிழங்கை மன்ஸ்டர் மக்கள் 'பிராத்தா' என்பர். கனாக்ட் மக்கள் 'ஃபாத்தா' என்பர். அல்ஸ்டர் மக்கள் 'பிரேத்தா' என்பர். சொல்லில் அழுத்தம் விழும் இடமும் மாறும், வினைமுடிவும் மாறும்.

இனி நூல்களுக்கு வருவோம். மைல்ஸ் டில்லனும் டொனக்கா ஓ குரோனீனும் 1961இல் வெளியிட்ட பயிற்சிநூல் மன்ஸ்டர் பேச்சைக் கற்பிப்பது. மீஹால் ஓ ஷியல் 1980இல் தந்த நூல், கனாக்டின் கடலோரமாகிய கோஷ் ஃபாரிகிப் பகுதியின் பேச்சை அடித்தளமாகக் கொண்டது. இரண்டும் சிறந்த நூல்கள். ஏட்டுச் சுரைக்காயை நீட்டாமல், உயிருள்ள மக்களின் வாய்மொழியைக் கற்பிக்கின்றன, பாராட்டுகிறோம். ஆனால் ஒரு வீட்டில் மனைவி முன்னதையும் கணவன் பின்னதையும் பயின்றால் நிகழ்வது யாது? 'நான் இருக்கிறேன்' என்பதை அவள் 'தாயிம்' என ஒரு சொல்லாகக் கூறுவாள். அவன் 'தா மே' என இரு சொல்லாகக் கூறுவான். அவள் 'பிராத்தா' எடுத்துவரச் சொன்னால், அவன் ஒரு நொடி விழிப்பான். அந்த ஒரு நொடியில்தான் ஆங்கிலம் உள்ளே நுழைகிறது! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது வீட்டுக்கும் பொருந்தும்.

வழக்குகளின் வேறுபாட்டை முறைப்பட விளக்கி ஒரு பெருநூலை 1989இல் தந்தவரும் அதே ஓ ஷியல்தான். புலவர்க்குக் கிட்டிய அந்த விளக்கம் புதிதாய்க் கற்போர் கைக்கும் எளிய வடிவில் சென்றிருக்க வேண்டாமா? ஒருவன் தனித்திருந்து கற்பான் என்று எண்ணி நூல் யாக்கின்றனர்; இருவர் கூடியிருந்து பேசவே மொழி பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். நாம் காணும் பெருங்குறை இதுவே.

"அரசு வகுத்த பொதுநடை இருக்கிறதே, இருவரும் அதைப் பேசினால் சிக்கல் தீர்ந்ததே!" என்பர் சிலர். ஏற்பதற்கில்லை. 1958இல் வெளியான அப்பொதுநடை எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் வரம்பு கண்டது. ஒலிப்புக்கு வரம்பு கட்டவில்லை. மேலும், பிற செவ்விய வடிவங்களுக்குத் தடை ஏதும் இல்லை என்பதையும் அதன் முன்னுரை தெளிவுறுத்துகிறது. நூலே விதிக்காத தடையை நூலின் பெயரால் விதிப்போரை என்னென்பது! மடலெழுதவும் பாடம் எழுதவும் பொதுநடை பயன்படட்டும். மனைவியின் நாவை அளக்கும் கோலாக அது மாறவேண்டா.

வேறு சிலரோ, "எங்கள் வட்டாரப் பேச்சே தூயது; மற்றவை திரிபு" என்பர். இது பழைய நோய். 1893இல் டக்ளஸ் ஹைட் முதலானோர் கேலிக் சங்கம் கண்டபின், எழுத்துக்கு எது அளவை என்ற பூசல் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கீட்டிங்கின் நடையே வேண்டும் என்றனர் ஒரு சாரார். மக்கள் பேசும் பேச்சே இலக்கியமாக வேண்டும் என வாதாடி வென்றார் மன்ஸ்டர் பாதிரியார் பீட்டர் ஓ லியரி. மக்கள் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்தது, நன்று. ஆனால் அம்மக்களுள்ளும் ஒரு வட்டாரத்தாரை மேலென்றும் மற்றொரு வட்டாரத்தாரைக் கீழென்றும் கொள்வது எவ்வகை நேர்மை? பிறந்த மண்ணால் மனிதர்க்கு உயர்வு தாழ்வு இல்லையெனின், அவர்தம் பேச்சுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அது?

1845இல் தொடங்கிய பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கடல் கடந்தனர். ஐரிஷ் பேசிய ஏழை உழவரே பெரிதும் அழிந்தனர். அக்கிழங்கின் பெயர் இன்றும் மூவகையாய் ஒலிக்கிறது என்பது, அம்மொழி சாவுக்குத் தப்பிப் பிழைத்ததன் அடையாளம். அதற்காகவா ஓர் இணையர் சினந்துகொள்வது?

இதில் மற்றோர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. 'ஒரு வீட்டுக்கு ஒரு வழக்கு' என விதித்தால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்? பெரும்பாலும் பெண்தான்! மணம் புரிந்ததால் பெயரை மாற்று, ஊரை மாற்று என்ற உலகம், இனி நாவையும் மாற்று என்று கட்டளையிடுமா? சரிநிகர் வாழ்வில் இருவர் வழக்கும் சரிநிகரே.

"இரண்டும் கலந்து இரண்டும் கெடுமே" என அஞ்சுவோர்க்கு நம் விடை இது: ஒவ்வொருவரும் தம் வழக்கையே உறுதியுடன் பேசுக, மற்றவர் வழக்கைக் கேட்கும் பயிற்சி பெறுக. நாவுக்கு ஒரு வழக்கு போதும். செவிக்கு மூன்றும் வேண்டும். 1972இல் தொடங்கிய கேல்டாக்ட் வானொலி மூன்று வட்டாரத்தின் குரலையும் வீட்டுக்குள் கொணர்கிறது. நாளும் கால்மணி நேரம் இருவரும் கேட்டு, புரியாத சொல்லை ஒருவர்க்கொருவர் ஐரிஷ் மொழியிலேயே விளக்கட்டும். அவ்வீட்டில் வளரும் குழந்தை, பெற்றோர் இருவரிடமிருந்தும் இரண்டு வழக்கின் செல்வத்தைப் பெறும்.

பிழையின்றிப் பேசுவோம் என்று காத்திருந்து வாய்மூடிய வீடுகளால் மொழி தேய்ந்தது. வேறுபட்டுப் பேசினும் விடாது பேசும் வீடுகளாலேயே அது வளரும். பாடநூல் எழுதுவோர் இதனை உணர்ந்து அடுத்த நூலை இருவர்க்காக எழுதட்டும்!