ஆபிரகாமின் மூன்று மரபுகள்: வழக்கும் தீர்ப்பும்

கடவுள் கேட்டார் என்பதற்காகத் தன் மகனையே பலியிடத் துணிந்து கத்தியை எடுத்த முதியவரின் கதை யூதர்களிடம் உண்டு, கிறிஸ்தவர்களிடம் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. கடைசி நேரத்தில் கை தடுக்கப்படுகிறது; மகன் பிழைக்கிறான். ஆபிரகாம் என்றோ இப்ராஹீம் நபி என்றோ அவரை எப்படி அழைத்தாலும், அந்தக் கீழ்ப்படிதலில்தான் தங்கள் நம்பிக்கை தொடங்குவதாக மூன்று மரபினரும் கருதுகிறார்கள்.

பலிக்குக் கிடத்தப்பட்ட மகன் யார்? தொடக்கநூலின் 22ஆம் அதிகாரம் ஈசாக்கு என்று பெயரிட்டே சொல்கிறது. யூதர்கள் தங்கள் புத்தாண்டின் இரண்டாம் நாள் தொழுகைக்கூடத்தில் அதை வாசிக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் பாஸ்கா திருவிழிப்பு இரவில் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அது சிலுவைப் பலியின் முன்னடையாளம். குர்ஆனின் 37ஆம் அத்தியாயமும் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது, மகனின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறது. பக்ரீத் அன்று ஒரு முஸ்லிம் வீட்டில் கேட்டால் மற்றொரு மகன் இஸ்மாயீல் என்றே பதில் வரும். ஆனால் தொடக்க நூற்றாண்டுகளின் விரிவுரையாளர்கள் இதில் இரு அணியாக நின்றார்கள். குர்ஆனுக்குப் பேருரை கண்ட தபரி (மறைவு 923) இரு பக்கச் சான்றுகளையும் அடுக்கிப் பார்த்து, ஈசாக்குதான் என்றார். 1373இல் மறைந்த இப்னு கஸீர் அதை உறுதியாக மறுத்தார். பிந்தைய உலகம் இப்னு கஸீர் பக்கம் சாய்ந்தது. அதற்காகத் தபரியின் உரையை யாரும் ஒதுக்கிவிடவில்லை. இன்றும் அதுவே முதல் வரிசை நூல்.

மூன்று சமயங்களையும் ஒப்பிட எல்லோரும் போடும் அட்டவணை ஒன்று இருக்கிறது. கடவுள் ஒருவர்; நூல் தோரா, விவிலியம், குர்ஆன்; நாள் சனி, ஞாயிறு, வெள்ளி. தேர்வு எழுத அது போதும். ஆனால் தபரிக்கும் இப்னு கஸீருக்கும் இடையிலான வழக்கு போன்ற ஒன்றை அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு மரபுக்குள் இரு பெரியவர்கள் முரண்படும்போது தீர்ப்புச் சொல்வது யார், தோற்ற கருத்து என்ன ஆகிறது என்பதில்தான் இந்த மூன்றும் உண்மையாகப் பிரிகின்றன என்பது என் எண்ணம். கொள்கை வேறுபாடுகளும் பெரும்பாலும் அதன் வழியே வந்தவைதான்.

யூதம் தாய், கிறிஸ்தவம் மகள், இஸ்லாம் பேத்தி என்பது வழக்கமான பேச்சு. இந்த வரிசை பாதிதான் சரி. கி.பி. 70இல் டைட்டஸின் உரோமைப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தபோது, பலியையும் குருக்களையும் மையமாகக் கொண்ட பழைய சமயம் நின்றுபோனது. அந்த இடிபாட்டைத் தாண்டி இரண்டு வழிகள் தொடர்ந்தன. ஒன்று, நாசரேத்து இயேசுவே மெசியா, அவருடைய சாவே இறுதிப் பலி என்றவர்களின் வழி. மற்றது, யோஹனான் பென் சக்காய் யவ்னே ஊரில் கூட்டிய அறிஞர்களின் வழி. பலியின் இடத்தில் அவர்கள் வேதக் கல்வியையும் செபத்தையும் வைத்தார்கள். இன்று நாம் யூத சமயம் என்று அறிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியின் வளர்ச்சி. அப்படிப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். இருவருக்கும் பொதுவான எபிரேய நூல்களை யூதர்கள் 24 என்று எண்ணுகிறார்கள். சீர்திருத்தச் சபையினர் அவற்றையே பிரித்து 39 என்று எண்ணி, வரிசையையும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இஸ்லாம் இவர்களோடு பேச்சுத் தொடர்பு இருந்த சூழலில் பிறந்தது. 610இல் முதல் வெளிப்பாடு வந்தபோது நபிகள் நாயகத்துக்குத் துணிவு சொன்னவர்களில் ஒருவர் அவருடைய மனைவி கதீஜா அம்மையாரின் உறவினரான வரகா என்ற கிறிஸ்தவர் என்று மரபு சொல்கிறது. 622இல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே யூதக் குலங்கள் இருந்தன; முதலில் எருசலேமை நோக்கியே தொழுகை நடந்தது, ஒன்றரை ஆண்டுக்குள் மக்காவை நோக்கித் திரும்பியது. குர்ஆன் தன்னைப் புது மதத்தின் நூலாகச் சொல்லிக்கொள்வதில்லை. மூசாவுக்கும் (மோசே) ஈசாவுக்கும் (இயேசு) அருளப்பட்டதை உறுதிசெய்யும் நூலாகவே சொல்கிறது. இயேசு கன்னியிடம் பிறந்தார் என்கிறது. இறைமகன் என்பதையும், எதிரிகள் அவரைச் சிலுவையில் கொன்றார்கள் என்பதையும் மறுக்கிறது. யூதர்களோ அவரை மெசியாவாகவே ஏற்கவில்லை. இந்த ஒரு மனிதரைப் பற்றிய மூன்று நிலைகளையும் புரிந்துகொண்டால் அட்டவணையின் பாதி தானாக நிரம்பிவிடும்.

இனி தீர்ப்பு முறைக்கு வருவோம். யூத மரபில் எழுத்து வேதத்தோடு வாய்மொழி வேதமும் சீனாய் மலையிலிருந்தே வருகிறது என்பது ரபிகளின் அடிப்படை. ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் யெஹூதா ஹநாசி அந்த வாய்மொழியை மிஷ்னாவாகத் தொகுத்தார். அதன்மீது நடந்த விவாதங்கள் சேர்ந்து பெருகியதுதான் தல்மூத். சட்டநூல் என்று நினைத்து அதைத் திறப்பவர் திகைத்துப்போவார். பக்கத்துக்குப் பக்கம் வாதம்; ஹில்லேல் பள்ளி ஒன்று சொல்ல, ஷம்மாய் பள்ளி மறுக்கும். நடைமுறையில் பெரும்பாலும் ஹில்லேல் பள்ளிதான் வென்றது. அதற்குத் தல்மூதே தரும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: ஹில்லேலின் மாணவர்கள் எதிரணியின் கருத்தையும் படித்தார்கள், தங்கள் கருத்துக்கு முன்னால் அதைச் சொன்னார்கள். தோற்ற ஷம்மாயின் கருத்தும் அழிக்கப்படாமல் ஏட்டில் இருக்கிறது. பின்னாளில் ஒரு நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொள்ள நேரலாம் என்பதால் வைத்ததாக மிஷ்னாவே ஒரு காரணம் சொல்கிறது.

பாபிலோனிய தல்மூதில் ஓர் அடுப்பைப் பற்றிய வழக்கு வருகிறது. அது தீட்டுப்படுமா படாதா என்பது கேள்வி. படாது என்று தனித்து நின்ற ரபி எலியேசருக்குச் சாட்சியாக மரம் இடம்பெயர்ந்தது, ஓடை பின்னோக்கி ஓடியது, சுவர் சாய்ந்தது, வானிலிருந்து குரலும் வந்தது. ரபி யோசுவா எழுந்து, வேதம் வானத்தில் இல்லை என்றார். அது மண்ணுக்கு வந்துவிட்டது, இங்கே பெரும்பான்மைதான் முடிவு என்பது அதன் பொருள் என்று தல்மூதே விளக்குகிறது. பிள்ளைகள் தன்னை வென்றுவிட்டார்கள் என்று கடவுள் சிரித்தாராம். மேடைகளில் கதை இங்கே முடிந்துவிடும். ஏட்டில் முடியவில்லை. எலியேசர் சபையிலிருந்து விலக்கப்படுகிறார், அவர் கண்ணீரால் உலகுக்குக் கேடு வருகிறது, விலக்கியவர்களின் தலைவரே இறந்துபோகிறார். பெரும்பான்மைத் தீர்ப்புக்கு ஆகும் செலவையும் எழுதிவைத்த நேர்மை அது.

இந்த மரபில் நம்பிக்கைப் பட்டியல் பிந்தித்தான் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் 13 அடிப்படைகளை வகுத்தார். 15ஆம் நூற்றாண்டில் யோசேப் அல்போ மூன்றே போதும் என்றார். இரண்டுமே நிலைத்தன. எதை நம்புகிறாய் என்பதைவிட ஓய்வுநாளை எப்படிக் கடைப்பிடிக்கிறாய், எதை உண்கிறாய் என்பதில்தான் அளவுகோல் கறாராக இருந்தது. வாய்மொழி வேதமே வேண்டாம் என்ற காராயர்கள் மட்டும் வெளியே நின்றார்கள்.

கிறிஸ்தவம் இதற்கு நேர்மாறான திசையில் போனது. ஒழுக்கமும் சடங்கும் ஒருபுறம் இருக்க, இயேசு யார் என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்வதே உள்ளே இருப்பதற்கான அடையாளம் ஆனது. அதை முடிவுசெய்ய ஆயர்கள் கூடினார்கள். 325இல் நிசேயா, 381இல் கான்ஸ்டான்டினோப்பிள், 431இல் எபேசு, 451இல் கால்செதோன். ஒவ்வொரு பொதுச்சங்கமும் ஒரு வாசகத்தை எழுதியது, ஏற்காதவர்கள் வெளியேறினார்கள். கால்செதோனை ஏற்காத எகிப்தின் கோப்து, ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரியத் திருச்சபைகள் இன்றும் தனியாகவே இருக்கின்றன. கேரளத்தின் யாக்கோபாயரும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினரும் அந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள். 1054இல் கிழக்கும் மேற்கும் பிரிந்ததும், 1517இல் லூத்தர் தொடங்கிய பிளவும் பலரும் அறிந்தவை. பிந்தைய பிளவின் தடயம் தமிழ் வீடுகளிலும் உண்டு: கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையினரின் வேதாகமத்தில் 66.

ஒரே கேள்வி கிறிஸ்தவத்திலும் இஸ்லாமிலும் எப்படி வேறுவேறாகத் தீர்ந்தது என்று பார்த்தால் தீர்ப்பு முறைகளின் வேறுபாடு துலங்கும். கடவுளின் வார்த்தை படைக்கப்பட்டதா, என்றென்றும் உள்ளதா? கிறிஸ்தவர்களுக்கு அந்த வார்த்தை இயேசு. மகன் படைப்புகளில் முதலானவர் என்றார் அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ். பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் படைப்பு அல்லர், தந்தையோடு ஒரே இறையியல்பு உடையவர் என்று முடிவானது. முடிவானதே தவிர அடங்கவில்லை. அடுத்து வந்த பேரரசர்கள் சிலர் ஆரியுஸ் பக்கம் சாய, நிசேயாவைக் காத்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஆனாலும் இறுதியில் வென்றது சங்கத்தின் வாசகம். இன்றும் ஞாயிறு வழிபாட்டில் அது சொல்லப்படுகிறது.

முஸ்லிம்களுக்கு அந்த வார்த்தை குர்ஆன். அது படைக்கப்பட்டது என்ற, முஃதஸிலா எனும் இறையியல் பிரிவினரின் கொள்கையைக் கலீஃபா மஃமூன் 833இல் அறிஞர்கள்மீது திணித்தார், மறுத்தவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பாக்தாதின் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் சாட்டையடியும் ஏற்றார், பணியவில்லை. பின்னாளில் கலீஃபா முதவக்கில் அந்த விசாரணையைக் கைவிட்டார். அரசர் தோற்றார், கொள்கையைச் சொல்லும் உரிமை அறிஞர்களிடமே நின்றது. சுன்னத் முஸ்லிம்களிடையே நிசேயா போன்ற ஒரு சங்கம் உருவாகாமல் போனதற்கு இந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சங்கம் இல்லாத இடத்தில் அறிவிப்பாளர் தொடர் வந்தது. நபிகளின் சொல் என்று ஒருவர் சொன்னால், யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி முழுவதையும் சோதித்தார்கள். ஒருவரின் நினைவாற்றல் முதுமையில் தளர்ந்ததா, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்றெல்லாம் ஆய்ந்து ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதினார்கள். ஸஹீஹ் (உறுதியானது), ஹஸன் (நல்லது), பலவீனம், இட்டுக்கட்டியது என்று தரம் பிரித்தார்கள். புகாரா ஊரில் 810இல் பிறந்த இமாம் புகாரி ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பது மரபு. அவர் நூலில் இருப்பவை, திரும்ப வருபவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்.

சட்டத்துக்கு நான்கு மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) நிலைத்தன. கூஃபாவின் அபூ ஹனீஃபா பகுத்தறிவு ஒப்பீட்டுக்கு இடம் தந்தார். மதீனாவின் மாலிக் அவ்வூர் மக்களின் வழக்கத்தையும் சான்றாகக் கொண்டார். மாலிக்கின் மாணவர் ஷாஃபி. குர்ஆன், நபிவழி, இஜ்மா (ஒருமித்த கருத்து), கியாஸ் (ஒப்பீடு) என்று சான்றுகளுக்கு வரிசை வகுத்தவர் அவர். ஷாஃபியிடம் படித்தவர் அஹ்மத். ஆசிரியரும் மாணவரும் தனித்தனி மத்ஹபு ஆனதும், நான்குமே செல்லும் என்று ஏற்றதும் மற்ற இரு மரபுகளிலும் எளிதில் காண முடியாதவை. தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி. பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டால் அஸர் எனும் பிற்பகல் தொழுகையின் நேரம் என்பது முன்னவர் கணக்கு, இரு மடங்கு நீண்டால்தான் என்பது பின்னவர் கணக்கு. ஒருவர் தொழுகையை மற்றவர் செல்லாது என்பதில்லை.

ஷியாக்களின் பாதை வேறு. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துயரம் அவர்களின் நினைவின் மையம். நபிகளின் குடும்பத்தினரான இமாம்களிடமே தீர்ப்புரிமை இருந்தது. பன்னிரண்டாவது இமாம் மறைவுக்குப் பின் அது படிப்படியாக மூத்த அறிஞர்களிடம் வந்தது. அவர்களின் ஜஃபரி சட்டமுறைப்படியும் நடக்கலாம் என்று 1959இல் கெய்ரோவின் அல்அஸ்ஹர் தலைவர் ஷல்தூத் ஃபத்வா அளித்தார். 2005இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் கூடிய அறிஞர்கள் எட்டு மத்ஹபுகளைப் பெயர் சொல்லி, அவற்றைப் பின்பற்றுபவரைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லக் கூடாது என்று அறிவித்தார்கள். சங்கம் என்று சொல்லிக்கொள்ளாத ஒரு சங்கம்.

மறுபக்கம், சங்கங்களால் பிரிந்தவர்கள் பழைய வாசகங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எபேசுவில் பிரிந்த அசீரியத் திருச்சபையும் ரோமும் 1994இல் கிறிஸ்துவைப் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டன. லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்.

யூதர்களிடையே வழக்கு இப்போது உறுப்பினர் பற்றியது. ஞானஸ்நானம் ஒருவரைக் கிறிஸ்தவர் ஆக்கும். கலிமா எனும் நம்பிக்கை உறுதிமொழி முஸ்லிம் ஆக்கும். யூதராக, மரபுப்படி தாய்வழிப் பிறப்பு வேண்டும் அல்லது மூவர் அமர்ந்த நீதிமன்றத்தின் முன் மதம் மாற வேண்டும். எந்த மூவர்? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் தோன்றிய சீர்திருத்தப் பிரிவின் ரபிகளை ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் ஏற்பதில்லை. 2021 மார்ச்சில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், நாட்டுக்குள்ளேயே சீர்திருத்த, கன்சர்வேடிவ் ரபிகளிடம் மதம் மாறியவர்களும் யூதர் என்ற முறையில் குடியுரிமை பெறலாம் என்றது. ஆனால் யூதர்களின் திருமணப் பதிவு தலைமை ரபியகத்தின் கையில் இருக்கிறது. அது இந்த மதமாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே அங்கே ஒருவர் குடியுரிமை அலுவலகத்தில் யூதராகவும், திருமணம் பதியப் போனால் யூதர் அல்லாதவராகவும் இருக்க முடியும். இரு தீர்ப்புகளும் நடப்பில் இருக்கின்றன.